ஊதுவோருக்கு ஊதியம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைக் கடந்து தெற்கே செல்வோர், ஆலம்பரைக் கோட்டையைக் காண்பதற்காகக் கடப்பாக்கத்தில் திரும்புவதுண்டு. அந்தக் கோட்டையைவிடப் பழைமையான பெருமை ஒன்றும் இந்த ஊருக்கு உண்டு. இது இடைக்கழிநாட்டைச் சேர்ந்த ஊர். பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார்.

பணி ஓய்வுக்குப் பிறகு கடப்பாக்கத்தில் குடியேறிய நான் அந்த நூலை மீண்டும் படித்தேன். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனை எதிர்கொண்டு, எந்த வழியில் சென்றால் ஓய்மானாட்டு நல்லியக்கோடனை அடையலாம் என்று எடுத்துரைக்கிறான். குப்பையில் முளைத்த கீரையை உப்பின்றி வேகவைத்து, அண்டை வீட்டார் கண்டுவிடக் கூடாது என்று கதவை அடைத்துவிட்டு உண்ணும் குடும்பத்தை அந்நூல் காட்டுகிறது. அது ஓர் இசைக் கலைஞனின் குடும்பம்.

வாழ்நாள் முழுவதும் பொருளியல் கற்பித்த எனக்கு, இலக்கியச் சுவைக்கு அப்பால் அதில் ஒரு தொழிலாளர் சந்தை தெரிந்தது. திறமை இருக்கிறது, வருமானம் இல்லை. வருமானம் தரக்கூடியவர் ஒருவரே; அவரிடம் போய்ச் சேர வழி தெரிய வேண்டும். வழி தெரியாதவனுக்கு, எவ்வளவு திறமை இருந்தாலும் உப்பில்லாத கீரைதான்.

இந்தச் சிந்தனை எனக்கு எழுந்ததற்குக் காரணம் என் சொந்த அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் என் மகளின் திருமணத்துக்கு நாகசுரக் குழு ஒன்றை ஏற்பாடு செய்தேன். இரண்டு நாகசுரம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி என்று ஆறு பேருக்கு அந்தக் கலைஞர் கேட்ட தொகை எனக்கு அதிகமாகத் தோன்றியது. பேரம் பேசினேன். இறுதியில் ஒரு தவிலைக் குறைத்துக்கொண்டு, நான் சொன்ன தொகைக்கே அவர் உடன்பட்டார். அதே வாரத்தில், அதைவிடப் பல மடங்கு தொகையைக் காணொலிப் பதிவாளருக்கு மறுபேச்சின்றிக் கொடுத்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

விருந்து முடிந்து புறப்படும்போது, "உங்கள் பிள்ளையும் வாசிக்கிறாரா?" என்று அவரிடம் கேட்டேன். "இல்லைங்க ஐயா. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடுகிறது. அவனை இதற்கு இழுக்க எனக்கு மனம் வரவில்லை" என்றார். அவர் குரலில் வருத்தமோ குற்றச்சாட்டோ இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்த ஒரு தந்தையின் முடிவு அது. ஒரு கலை தலைமுறை விட்டுத் தலைமுறை தொடராமல் போவது இப்படித்தான்.

2025 மார்ச் 8 அன்று, லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் சிம்பொனியை வாசித்தபோது தமிழுலகமே பெருமிதம் கொண்டது. அத்தகைய இசைக்குழுவின் நடுப்பகுதியில், வயலின்களுக்குப் பின்னே, நீண்ட மரக்குழாய் ஒன்றைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு இருவரோ மூவரோ அமர்ந்திருப்பார்கள். அந்தக் கருவியின் பெயர் பசூன். ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளமுள்ள குழலை மடித்துச் செய்த, தாழ்ந்த குரல் கொண்ட கருவி. ரஷ்ய இசைமேதை புரோகோஃபியெவ், சிறுவர்களுக்காக 1936-இல் இயற்றிய 'பீட்டரும் ஓநாயும்' என்ற படைப்பில் தாத்தாவின் குரலாகப் பசூனைத்தான் அமைத்தார்.

இந்தப் பசூனும் நம் நாகசுரமும் தூரத்து உறவினர்கள் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். இரண்டுமே இரட்டை நாக்குக் கருவிகள். நாணல் வகைத் தட்டையைச் சீவி, இரண்டு மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று அதிரும்படி அமைப்பதே இரண்டுக்கும் உயிர். அதை நாம் சீவாளி என்கிறோம். சீவாளி நீண்ட நாள் உழைப்பதில்லை. ஈரப்பதம் மாறினால் அதன் குணமும் மாறும். அதனால்தான் நாகசுரத்தில் மாற்றுச் சீவாளிகள் கொத்தாகத் தொங்குகின்றன. பசூன் கலைஞரும் மேடையில் இருக்கும் நேரத்துக்கு இணையாக வீட்டில் நாணலைச் சீவிக்கொண்டிருப்பார். இரண்டையுமே நூலைப் படித்துக் கற்க முடியாது. உதட்டின் அழுத்தத்தையும் மூச்சின் அளவையும் ஆசிரியர் அருகிலிருந்து திருத்த வேண்டும்.

கருவிகள் உறவினர்கள், வாசிப்பவர்களின் வாழ்க்கையோ வெவ்வேறு.

ஜெர்மனியில் ஓர் இளைஞர் பசூன் கற்க விரும்பினால், அவர் செல்லும் பாதை ஏறக்குறைய முன்கூட்டியே தெரியும். இசைப்பள்ளி, அதன்பின் இசைப் பல்கலைக்கழகம், பிறகு இசைக்குழுவுக்கான தேர்வு, அதில் வென்றால் தகுதிகாண் காலம், அதன்பின் நிரந்தரப் பணி. அந்நாட்டில் பொதுநிதியில் இயங்கும் தொழில்முறை இசைக்குழுக்கள் மட்டும் 120-க்கும் அதிகம். மாத ஊதியம், விடுப்பு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. அவர்களில் பலர், பணியில் இருந்தபடியே மாணவர்களுக்கும் கற்பிக்கிறார்கள். மாலையில் மேடையில் வாசிப்பவர் காலையில் ஆசிரியர். கலையும் கற்பித்தலும் ஒரே வாழ்க்கையின் இரு பக்கங்களாக இருக்கின்றன.

மேலைநாடு முழுவதும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. லண்டனின் புகழ்பெற்ற இசைக்குழுக்கள் சிலவற்றில் கலைஞர்களுக்கு மாத ஊதியம் கிடையாது. ஒத்திகைக்கும் நிகழ்ச்சிக்கும் தனித்தனியே பணம் பெறுகிறார்கள். பசூன் கற்க வரும் பிள்ளைகள் குறைந்துவருகிறார்கள் என்ற கவலையில், 2015-இல் நெதர்லாந்தில் அந்தக் கருவியைக் காக்க ஓர் இயக்கமே தொடங்கப்பட்டது. தரமான பசூன் ஒன்றின் விலை ஒரு காரின் விலைக்குச் சமம். எனவே அங்கும் இந்தக் கலை தானாக வாழவில்லை; வாழவைக்கப்படுகிறது.

ஏன் வாழவைக்க வேண்டும்? சந்தையில் தானே நிற்கட்டுமே என்று கேட்பவர்களுக்கு, வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1966-இல் பதிலளித்தார்கள். நிகழ்கலைகளின் பொருளாதாரத்தைப் பற்றிய அவர்களது நூலின் மையக் கருத்து எளிமையானது. தொழிற்சாலையில் இயந்திரங்கள் மேம்படும்போது ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் உற்பத்தி செய்யும் அளவு கூடுகிறது. அதனால் ஊதியமும் கூடுகிறது. ஆனால் பீத்தோவன் காலத்தில் நால்வர் அரைமணி நேரம் வாசித்த இசையை, இன்றும் நால்வர் அரைமணி நேரம்தான் வாசிக்க வேண்டும். அங்கே உற்பத்தித் திறன் உயர வழியில்லை. மற்றவர்களின் ஊதியம் உயர உயர, நேரில் வாசிக்கப்படும் இசையின் விலை ஒப்பீட்டளவில் ஏறிக்கொண்டே போகும்.

இதை நாகசுரத்துக்குப் பொருத்திப் பாருங்கள். ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் தோடி ராகத்தை விரிவாக வாசிக்க எவ்வளவு நேரம் ஆனதோ, இன்றும் அவ்வளவு நேரம்தான். ஆறு பேர் செய்த வேலையை மூன்று பேர் செய்ய முடியாது. ஒரு தவிலைக் குறைத்து நான் மிச்சப்படுத்திய தொகை, உற்பத்தித் திறனால் வந்த சேமிப்பு அன்று. இசையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்ததால் வந்தது. கோயில்களில் மின்சாரத்தால் இயங்கும் முரசும் மணியும் நுழைந்ததும், மண்டபங்களில் பதிவுசெய்த கெட்டிமேளம் ஒலிப்பதும் இந்தக் கணக்கின் விளைவே.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாகசுரக் கலைஞரின் வருமானம் பெரும்பாலும் முகூர்த்த நாள்களைச் சார்ந்தது. ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் இல்லை. புரட்டாசியில் பலர் நடத்துவதில்லை. நல்ல முகூர்த்த நாளிலோ ஊரெங்கும் திருமணம். ஆனால் ஒரு கலைஞர் ஓரிடத்தில்தான் வாசிக்க முடியும். நெல்லைப் போல இசையைக் களஞ்சியத்தில் சேர்த்துவைத்து, தேவை உள்ள நாளில் விற்க இயலாது. சில நாள்கள் பெருந்தேவை, பல நாள்கள் வெறுமை என்ற நிலையில், மாதம் பிறந்தால் ஊதியம் தரும் தொழிற்சாலையோடு எந்தக் கலை போட்டியிட முடியும்?

இதற்கான விடையை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டப்பட்ட இராஜராஜனின் கல்வெட்டு ஒன்று, அங்கே பணிபுரிந்த ஆடல் மகளிர், நட்டுவனார், இசைக் கருவி வாசிப்போர் எனப் பலரையும் அவர்களுக்கான பங்குகளையும் பட்டியலிடுகிறது. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுச் சென்றாலோ, அந்தப் பணியையும் பங்கையும் அவருடைய நெருங்கிய உறவினர் பெறலாம். உறவினருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள வேறொருவரைக் கொண்டு அப்பணியைச் செய்விக்க வேண்டும் என்று அக்கல்வெட்டு விதிக்கிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பணி விதி இது. நிலையான ஊதியம், பணித் தொடர்ச்சி, பிறப்புரிமைக்கு மேலே தகுதி என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. பிற்காலத்தில் மானிய நிலங்களும் மடங்களின் ஆதரவும் ஜமீன்களின் ஆதரவும் இந்தப் பணியைச் செய்தன. அவை மறைந்ததில் வருந்த ஒன்றுமில்லை. அவற்றோடு பிணைந்திருந்த ஏற்றத்தாழ்வுகளும் மறைய வேண்டியவையே. ஆனால் அவை தந்த நிலையான வருமானத்துக்கு மாற்றாக எதை வைத்தோம் என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது.

தகுதி என்ற சொல்லைப் பற்றிப் பேசும்போது ஒரு மாமனிதரை நினைக்காமல் இருக்க முடியாது. ஷேக் சின்ன மௌலானா 1924-இல் ஆந்திரத்தின் கரவடியில், தலைமுறைகளாக நாகசுரம் வாசித்துவந்த இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையிடமும், பின்னர் சிலக்கலூரிப்பேட்டை ஆதம் சாகிபிடமும் பயின்றார். ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மனத்தைப் பறிகொடுத்த அவர், தஞ்சாவூர் பாணியைக் கற்பதற்காக நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மாணவரானார்.

வேறு மொழி, வேறு மதம், வேறு மாநிலம். எனினும் ஆசிரியர்கள் வாயிலை அடைக்கவில்லை. பின்னர் அவர் திருவரங்கத்தில் குடியேறினார். அரங்கனின் பக்தராகவே வாழ்ந்தார். 1998-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். 1999-இல் மறைந்தார்.

அவரைச் சிறந்த கலைஞர் என்று மட்டும் நினைவுகூர்வது பாதி உண்மைதான். திருவரங்கத்தில் சாரதா நாகஸ்வர சங்கீத ஆசிரமம் என்ற பயிற்சிப் பள்ளியை நிறுவிப் பலருக்குக் கற்பித்தார். அவருடைய பேரர்கள் காசிம், பாபு அந்த மரபைத் தொடர்கிறார்கள். அவரிடம் பயின்ற காலீஷாபி மெஹபூப், அவருடைய கணவர் ஷேக் மெஹபூப் சுபானி ஆகியோருக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆண்களின் கருவி என்று கருதப்பட்ட நாகசுரத்தில் ஒரு பெண் அந்த உயரத்தை எட்டியதில், கற்பித்த ஆசிரியருக்கும் பங்கு உண்டு.

மேலைநாட்டு இசைக்குழுக்கள் பலவற்றில், தேர்வுக்கு வருபவரைத் திரைக்குப் பின்னே அமர்த்தி வாசிக்கச் சொல்லும் வழக்கம் உண்டு. வாசிப்பவர் ஆணா, பெண்ணா, எந்த இனம் என்று நடுவர்களுக்குத் தெரியாது. காது மட்டுமே தீர்ப்புச் சொல்லும். 2023-இல் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் கிளாடியா கோல்டின், சிசிலியா ரௌஸுடன் இணைந்து இதை ஆராய்ந்து, பெண்கள் தேர்வு பெற இம்முறை உதவியது என்று 2000-இல் எழுதினார். அந்த ஆய்வின் புள்ளியியல் வலிமை குறித்துப் பின்னர் விவாதங்கள் எழுந்தன. ஆயினும் அதன் பின்னுள்ள நியாயம் யாராலும் மறுக்க முடியாதது. நாச்சியார்கோயில் சகோதரர்கள் சின்ன மௌலானாவை ஏற்றபோது, திரை இல்லாமலேயே அந்த நியாயத்தைக் கடைப்பிடித்தார்கள் என்பேன்.

ஆனால், ஒரு கலையின் எதிர்காலத்தைத் தனிமனிதர்களின் பெருந்தன்மையிடம் மட்டும் ஒப்படைக்கலாமா?

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. எங்களுக்கு அருகில் காஞ்சிபுரத்தில் ஒன்று உண்டு. அவற்றில் நாகசுரமும் தவிலும் கற்பிக்கப்படுகின்றன. அறநிலையத் துறையும் கோயில்கள் சார்பில் நாகசுரம், தவில் பயிற்சிப் பள்ளிகளை நடத்தி, மாணவர்களுக்கு உதவித்தொகை அளிக்கிறது. நரசிங்கன்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

எனினும், பள்ளி மட்டும் போதாது என்பதற்கு எங்கள் கடற்கரையிலேயே ஓர் ஒப்பீடு இருக்கிறது. மாமல்லபுரத்தில் 1957-இல் சிற்பப் பயிற்சிக்கென அரசு ஒரு மையத்தைத் தொடங்கியது. இன்றைய அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி அதன் வளர்ச்சியே. இன்று மாமல்லபுரத்தின் தெருக்களில் நடந்தால் உளியோசை கேட்கிறது. அங்கே செதுக்கப்படும் சிலைகள் கடல் கடந்து செல்கின்றன.

சிற்பத்தில் வென்ற வழி இசைக்கு ஏன் முழுமையாகப் பலிக்கவில்லை? சிலையை இன்று செதுக்கி, அடுத்த ஆண்டு விற்கலாம். வெளிநாட்டுக் கோயிலுக்குக் கப்பலில் அனுப்பலாம். நாகசுர இசை வாசித்த கணத்தில் தீர்ந்துபோகிறது. அதற்குப் பயிற்சி மட்டுமல்ல, பயிற்சி முடித்த மறுநாள் சென்று அமர ஓர் இடமும் வேண்டும். கற்பித்துவிட்டு இடம் தராமல் விடுவது, கிணறு வெட்டிவிட்டுக் கயிறு தராமல் விடுவதற்கு ஒப்பாகும்.

எனவே என் முன்மொழிவுகள் சில. முதலாவது, வருமானமுள்ள கோயில்களில் நாகசுரம், தவில் பணியிடங்கள் ஒன்றுகூடக் காலியாக இருக்கக் கூடாது. அவற்றுக்கு முறையான ஊதிய விகிதமும் ஓய்வூதியமும் வேண்டும். தேர்வு, குடும்பத்தையோ பரிந்துரையையோ பாராமல், வாசிப்பைக் கேட்டு மட்டுமே நடக்க வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு பணியிடத்தோடும் கற்பிக்கும் கடமையை இணைக்க வேண்டும். ஒவ்வொரு கலைஞரும் இரண்டு மாணவர்களையாவது உருவாக்க வேண்டும். அந்த நேரம் அவரது பணிநேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். மாணவர்களுக்கு உதவித்தொகையும், கருவிக்கும் சீவாளிக்கும் தனி நிதியும் தர வேண்டும். இதனால் நரசிங்கன்பேட்டையில் கருவி செய்வோருக்கும், நாணலைச் சீவிச் சீவாளி கட்டுவோருக்கும் நிலையான தேவை உருவாகும்.

மூன்றாவது, திருமணம் இல்லாத மாதங்களில், உள்ளாட்சி அமைப்புகள் ஊதியம் தந்து மாலைநேர நாகசுரக் கச்சேரிகளைப் பூங்காக்களிலும் பள்ளிகளிலும் நடத்தலாம். திருமண மண்டபத்தின் இரைச்சலுக்கு நடுவே மட்டுமே நாகசுரத்தைக் கேட்டு வளரும் குழந்தைக்கு, அது அமர்ந்து கேட்க வேண்டிய இசை என்று எப்படித் தெரியும்?

அரசு ஊதியம் கிடைத்துவிட்டால் கலைஞர்கள் பயிற்சியை விட்டுவிடுவார்கள் என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். அந்த அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கலைஞர்கள் அடங்கிய குழு அவர்கள் வாசிப்பைக் கேட்டு மதிப்பிடலாம். பணியைச் செய்யத் தகுதி வேண்டும் என்று இராஜராஜனின் கல்வெட்டே சொல்லியிருக்கிறது. ஆனால் வறுமைதான் கலையை வளர்க்கும் என்ற எண்ணத்தை மட்டும் நாம் கைவிட வேண்டும். சிறுபாணாற்றுப்படையின் பாணன் கதவை அடைத்துக்கொண்டு உண்டபோது, அவன் யாழ் ஒலித்ததாக நத்தத்தனார் பாடவில்லை.

மும்பையில் 2006-இல் ஒரு சிம்பொனி இசைக்குழு தொடங்கப்பட்டது. அதில் வெளிநாட்டுக் கலைஞர்கள் பெருமளவில் இடம்பெறுகிறார்கள். பசூன் போன்ற ஊதுகருவிகளில் வாழ்க்கையை அமைத்துக்கொள்ள இந்தியாவில் பாதை இல்லாததால், வாசிப்போரும் உருவாகவில்லை. பசூன் நமக்கு அயல்நாட்டுக் கருவி. அதற்கு ஆள் தேவைப்பட்டால் வெளியிலிருந்து வரவழைக்க முடிகிறது. நாகசுரத்துக்கு ஆள் இல்லாமல் போனால் எந்த நாட்டிலிருந்து வரவழைப்போம்?

என் இளைய மகளின் திருமணம் வரும் தை மாதம். அதே கலைஞரைத் தேடிச் சென்று முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். இம்முறை தொகையை அவரே சொன்னார். இரண்டு தவிலும் உண்டு. விடைபெறும்போது, பெயரன் கையில் ஒரு சிறிய நாகசுரம் இருந்ததைப் பார்த்தேன். "விளையாட்டாக ஊதுகிறான்" என்றார் அவர். அந்த விளையாட்டை அவன் தொழிலாகக் கொள்ளலாமா, கூடாதா என்பதை இன்னும் பத்து ஆண்டுகளில் அந்த வீட்டில் கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கில் ஒரு மாத ஊதியம் இடம்பெறுமா என்பதை இன்றே முடிவு செய்ய வேண்டியவர்கள் நாம்தான்.